பிப்ரவரியில் மொட்டையாகும் துண்டு

வடசேரி சந்தைக்குக் காய்கறி வாங்கப் போனால் என் கணவர் கூட வர மாட்டார். வெட்கமாக இருக்கிறதாம். நான் தக்காளிக் கூடையில் மேல் வரிசையை நகர்த்தி அடியில் கிடப்பதைப் பார்ப்பேன். தராசுத் தட்டை ஒரு தட்டு தட்டுவேன். மீன்காரம்மா ஒரு மீனின் செவுளைத் தூக்கிக் காட்டினால் அவள் காட்டாத இன்னொன்றின் செவுளை நான் தூக்குவேன். "ஒருத்தன் நல்லா இருக்கியான்னு கேட்டாகூட இவன் என்னத்துக்குக் கேக்கான்னு யோசிக்கிற ஆளு நீ" என்பார். அவர் சொல்வதில் தப்பில்லை. பிறவிக் குணம், இனி மாறப்போவதுமில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு இருந்தது. வருஷாவருஷம் மிளகு பறித்துக் காயவைத்ததும் என் அண்ணன் ஒரு துணிப்பை நிறையக் கொண்டுவந்து தருவான். அப்பா மலையடிவாரத்தில் வாங்கிப்போட்ட தோட்டம், எங்கள் பேச்சில் விளை, அவன் பங்குக்கு வந்தது. நாகர்கோவில் வீடு என் பங்குக்கு. பழைய ரப்பர் மரங்களும், ஓரத்துப் பலாக்களில் ஏறிய மிளகுக் கொடிகளுமாக அந்த விளையை அவன்தான் கட்டி ஆண்டான். அவன் தரும் பையை மட்டும் நான் அடியில் கைவிட்டுப் பார்த்ததில்லை. வாங்கியவுடன் அப்படியே பாட்டிலில் தட்டிவிடுவேன்.

இந்தக் குணத்துக்குச் சம்பளம் தரும் வேலை ஒன்று இருக்கிறது என்று சொன்னவனும் அவன்தான். அப்போது நான் ஒரு கல்லூரியில் புவியியல் பாடத்துக்குத் தற்காலிக ஆசிரியை. வனவிலங்குச் சரணாலயத்துக் காடு இந்த இருபது வருஷத்தில் கூடியதா குறைந்ததா என்று அளக்கும் திட்டம் ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலயத்தில் யாரோ பேசியதைக் கேட்டுவந்து சொன்னான். "ஒனக்குள்ள வேலையாக்கும் மக்கா. எல்லாத்தையும் ரெண்டாவது மட்டம் பாக்குத ஆளு வேணுமாம்" என்றான். எனக்கு அன்று ரொம்பச் சந்தோஷம். என் குணத்தைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாத ஆள் ஒருத்தனாவது இருக்கிறானே என்று நினைத்தேன்.

வேலை இப்படித்தான். செயற்கைக்கோள் எடுத்த பழைய படம் ஒன்று, புதிய படம் ஒன்று. கம்ப்யூட்டர் இரண்டையும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, இது காடு, இது புல், இது பாறை, இது விவசாயம் என்று வண்ணம் அடித்துவிடும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எங்கே எது மாறியது என்று தெரியும். அப்புறம் கம்ப்யூட்டர் சொன்னது உண்மையா என்று பார்க்க, அங்கங்கே புள்ளி குறித்து, ஆள் நேரில் போய் அந்தப் புள்ளியில் நின்று பார்க்க வேண்டும். அந்த ஆள் நான். கம்ப்யூட்டரைச் சந்தேகப்படுவதுதான் என் உத்தியோகம்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். எங்கள் கணக்கு சரணாலயத்துக்கு மட்டும். எல்லைக்கு வெளியே உள்ளதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதால், படத்தை எல்லைக்கோட்டில் வெட்டிவிடுவோம். உள்ளே பச்சையும் சிவப்புமாக ஒரு ஒழுங்கற்ற வடிவம். சுற்றிலும் ஒரே கறுப்பு. ஊர், ரோடு, தோட்டம், கோயில், ஆலயம் எல்லாம் அந்தக் கறுப்புக்குள் போய்விடும். நாள்பூரா அதையே பார்த்துக்கொண்டிருந்தால் கறுப்பில் யாருமே குடியிருக்கவில்லை என்று மனசும் நம்பத் தொடங்கிவிடும்.

முதல் கணக்கு வந்ததும் எங்கள் திட்டத் தலைவர் சென்னையிலிருந்து வீடியோவில் வந்தார். மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு. காடு கூடியிருக்கிறது என்றார். கூடியிருக்கிறது என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பு அரிக்கத் தொடங்கியது. நம் கண்ணெதிரே மலை வழித்தெடுக்கப்படுகிறது, பாறை லாரி லாரியாகப் போகிறது, இவருக்குக் காடு மட்டும் எங்கிருந்து கூடிற்று?

எனக்கு முதல் சந்தேகம் ரப்பர் மேல். மேலே இருந்து பார்த்தால் ரப்பரும் பச்சை, காடும் பச்சை. கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் இந்த ஜில்லாவில் பிறந்த யாருக்கும் தெரியும், கிறிஸ்துமஸ் முடிந்ததும் ரப்பர் இலை பழுக்கும், பிப்ரவரியில் மரம் மொட்டையாக நிற்கும், அப்போது பால் வெட்டு கிடையாது, சில வாரத்தில் மினுமினுவென்று தளிர் வந்துவிடும். மேலே உள்ள சோலைக்காடு அப்படி ஒரேயடியாகக் கொட்டாது. தலைவர் எடுத்த இரண்டு படமும் தளிர் வந்த பிறகு எடுத்தவை. இடைப்பட்ட வருஷங்களுடைய பிப்ரவரிப் படங்கள் எல்லாம் வேண்டும் என்று கேட்டேன். எதற்கு என்றார். சந்தேகம் என்றேன். அவர் பெருமூச்சு விட்டது எனக்கு நாகர்கோவிலில் கேட்டது.

படங்கள் வந்தன. வரிசையாக ஓடவிட்டுப் பார்த்தேன். எல்லை ஓரத்தில் காடு கூடியதாகச் சொல்லப்பட்ட இடங்கள் பலவும் பிப்ரவரிதோறும் மொட்டையடித்துக்கொண்டன. முன்பிருந்தே அங்கே உள்ள அரசுத் தோட்டங்களில் பழைய ரப்பரை வெட்டிப் புதிதாக நட்டிருக்கிறார்கள். கன்று வளர்ந்ததைக் காடு வளர்ந்தது என்று கம்ப்யூட்டர் எழுதிவிட்டது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது ஒரு துண்டு. எல்லைக்குள்ளே, ஓர் ஓடைக்கு மேலே ஏறும் சரிவில், அரைநிலா வடிவத்தில். பழைய படங்களில் எந்த பிப்ரவரியிலும் அது கரும்பச்சை. பிறகு ஒரு வருஷம் வெறும் செம்மண். பிறகு மெல்லிய பச்சை. பிறகு ஒவ்வொரு பிப்ரவரியிலும் மொட்டை.

அந்தத் துண்டின் தெற்கு ஓரம் நேரே கறுப்பில் போய் முடிந்தது. வடக்கு ஓரத்தில் காணிக்காரர்கள் என்னும் மலைப் பழங்குடியினருடைய சிறிய குடியிருப்பு ஒன்று. அறிக்கையின் முதல் வரைவில், காடு அழிந்த இடத்துக்கெல்லாம் எதிரே காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. அருகில் எந்தக் குடியிருப்போ அதன் தலையில் கட்டிவிடுவது வழக்கம். இந்தத் துண்டுக்கு எதிரே 'காணிக் குடியிருப்பின் விவசாயம்' என்று ஏற்கெனவே எழுதியாயிற்று. அந்தக் கட்டத்தைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. குடியிருப்புக்குப் போன பிறகுதான் அதன் கனம் தெரிந்தது.

அங்கே என் வயதுக்காரி ஒருத்தி. முதல்நாளே எனக்கு மரச்சீனிக் கிழங்கு அவித்து, காந்தாரி மிளகாய் அரைத்து வைத்துத் தந்தாள். அவளும் இன்னும் சில வீட்டுக்காரர்களும் தாங்கள் காலங்காலமாகப் பயிர் செய்யும் சரிவுக்கு வன உரிமைப் பட்டா கேட்டு மனுக் கொடுத்திருந்தார்கள். அளக்கிறவங்க அறிக்கை வரட்டும் என்று அதிகாரிகள் அந்த மனுவை நிறுத்தி வைத்திருந்தார்கள். இவர்கள்தான் காட்டை வெட்டினார்கள் என்று என் அறிக்கை சொன்னால் பட்டா போயிற்று. பட்டா போனால் அந்தச் சரிவும் போயிற்று.

"ஒங்க படத்துல நாங்க வெட்டுனதா வருதா?" என்று கேட்டாள்.

"வெட்டினதுன்னு வருது. யாருன்னு வராது."

"ஆளு தெரியாதா படத்துல?"

"தெரியாது."

"அப்படியா" என்றாள். அந்த அப்படியாவில் ஏதோ இருந்தது. இவள் எதையோ மறைக்கிறாள் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். குடியிருப்புக்கு மேலே அவர்களுக்கும் கொஞ்சம் ரப்பர் இருந்தது. அதை அவள் மறைக்கவில்லை. ஆனால் கீழே அந்தத் துண்டை வெளியாள் யாருக்கோ விட்டுக்கொடுத்துவிட்டு இப்போது பேசாமல் இருக்கிறார்களோ? மரச்சீனி ருசியாகத்தான் இருந்தது. அதனாலேயே இன்னும் கொஞ்சம் சந்தேகப்பட்டேன்.

அடுத்த சந்தேகம் எங்கள் ஜீப் டிரைவர் மேல். திற்பரப்புக்காரர், வளைகுடாவில் நெடுங்காலம் லாரி ஓட்டித் திரும்பியவர். வாய் ஓயாத மனிதர். அருவிக்குக் குளிக்க வரும் கூட்டம் ரோட்டை அடைப்பதைப் பற்றி மட்டுமே ஒரு மணிநேரம் பேசுவார். புள்ளி எங்கே என்று காட்டும் கருவியும் அவர் கையில்தான் இருக்கும்; நான் குறிப்பெடுக்க வேண்டுமே. எங்கள் வேலையில் ஒரு சலுகை உண்டு. போக முடியாத இடத்தில் புள்ளி விழுந்தால், பக்கத்தில் அதே மாதிரித் தெரியும் இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்த அரைநிலாத் துண்டில் விழுந்த புள்ளிகள் மட்டும் எப்போதும் போக முடியாதவையாகவே அமைந்தன.

"ஒத்தையான நிக்குது டீச்சரே, போவாண்டாம்" என்றார் ஒருமுறை. எங்கும் புது யானைச் சாணம் கூட இல்லை. இன்னொருமுறை ஓடையில் வெள்ளம் என்றார். மழை பெய்து மாதமாகியிருந்தது. பிறகு ஒருமுறை, அந்தத் திருப்பம் வந்ததும் ஜீப்புக்குச் சரியாக அந்த இடத்தில் உடம்பு சரியில்லாமல் போனது. அத்தனை பேசுகிற மனிதர் அந்த வளைவு வந்தால் ஊமையாகிவிடுவார். அவர் கையில் புதிய கடிகாரம் ஒன்று மின்னியது. எங்கே வாங்கினது என்று விசாரித்தேன். குவைத்திலிருந்து மகள் அனுப்பியதாம். மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்றும் விசாரித்தேன். நர்ஸ் என்றார். நர்ஸ் சம்பளத்தில் அந்தக் கடிகாரம் கட்டுமா என்று வீட்டுக்கு வந்து போனில் தேடிப் பார்த்தேன். கட்டும்.

குடியிருப்புக்கு ஏறும் வழியில் ஒரு டீக்கடை. கடைக்காரரிடம் பேச்சுவாக்கில், மேலே ஓடைச் சரிவில் யாருக்காவது ரப்பர் உண்டா என்று கேட்டேன். அவர் துடைத்த கண்ணாடி டம்ளரையே மறுபடி துடைத்தார்.

"டீச்சருக்கு எந்த ஊரு?"

நாகர்கோவில் என்றேன். அப்பாவுக்கு எந்த ஊர் என்றார். சொன்னேன்.

"செரி, செரி" என்று தலையாட்டினார். டீக்குக் காசு வேண்டாம் என்றுவிட்டார். எவ்வளவு சொல்லியும் வாங்கவில்லை. ஒரு டீயில் என் வாயை அடைக்கப் பார்க்கிறார்களே என்று எனக்கு அவமானமாக இருந்தது. இத்தனை பேர் சேர்ந்து ஒளிக்கிறார்கள் என்றால் வெட்டினவன் பெரிய கையாகத்தான் இருக்க வேண்டும். ஊர்ப் பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக என் மனசில் வந்து நின்று போனார்கள். எல்லாரும் பொருத்தமாகவே இருந்தார்கள்.

அந்த வருஷ பிப்ரவரி வந்தது. டிரைவர் கொட்டாரத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அன்றைக்கென்று பார்த்து நான் வேறு வண்டி பிடித்துக் குடியிருப்புக்குப் போனேன். உள்ளே நடக்க அனுமதி கையில் இருந்தது. வழிகாட்ட ஆள் ஒருத்தர் இருந்தால் போதும். அந்தப் பெண்ணைக் கேட்டேன். அவள் மறுப்பாள் என்று நினைத்தேன். வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மேட்டின் முதுகு வந்ததும் நின்றுவிட்டாள். "இதுக்குக் கீழ நான் வரல்ல. நீங்க போங்க. போய்ப் பாத்துட்டு எங்கிட்ட வந்து ஒண்ணும் சொல்லவும் வேண்டாம்" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்ததா சங்கடம் இருந்ததா என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை. யாருடைய தோட்டத்து ஆட்களாவது கீழே காத்திருப்பார்களோ என்று மட்டும் ஒரு பயம் வந்தது.

காட்டு நிழலிலிருந்து இரண்டு எட்டு வைத்ததும் சடாரென்று வெயில். தலைக்கு மேல் ஓர் இலை இல்லை. எல்லாம் காலடியில் கிடந்து நொறுங்கியது. வரிசை தப்பாமல் ரப்பர். வெட்டுக் காலம் முடிந்ததால் மரத்துக்கு மரம் பால் பிடிக்கும் சிரட்டையைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். இலை கொட்டும் இலவமாக இருக்கலாம், தேக்காக இருக்கலாம் என்று நான் என் கண்டுபிடிப்பின் மேலேயே வைத்திருந்த சந்தேகமும் தீர்ந்தது. நான்கு திசைக்கும் படம் எடுத்தேன், புள்ளியைப் பதிந்தேன். அப்படியொரு நிம்மதி. அகப்பட்டுக்கொண்டாய், நீ யாராக இருந்தாலும், என்று வாய்விட்டே சொன்னேன்.

பால் சுமந்தவன் நடந்து நடந்து தேய்ந்த தடம் ஒன்று கீழே இறங்கியது. பால் எங்கே போகிறதோ அங்கே ஆள் இருப்பான். இறங்கினேன். ஓடையின் குறுக்கே கமுகுத்தடி இரண்டைப் போட்டிருந்தார்கள். அதைத் தாண்டினால் என் படத்தில் கறுப்பு. ஒரு புகைப்புரையின் பின்பக்கச் சுவர் தெரிந்தது. ரப்பர் ஷீட்டைப் புகையில் உணக்கிக் காயவைக்கும் அந்தப் புரைகளுக்கு வெட்டு இல்லாத காலத்திலும் வாசனை போகாது. சுவரை ஒட்டிக் கொடியில் துணி காய்ந்தது. அதில் ஒன்று மயில் போட்ட நீலப் போர்வை. போன கிறிஸ்துமஸுக்கு நான் என் அண்ணன் பெண்டாட்டிக்கு, என் மைனிக்கு, வாங்கிக் கொடுத்தது மாதிரியே இருந்தது. அதே கடையில் இவர்களும் வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நான் இதைச் சத்தியமாகச் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

சுவரைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தால், என் மைனி பாயில் மிளகைக் கிண்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"பிள்ளே!" என்றாள். "நீ என்ன, பொறத்த வழியா வாற?"

என் வாழ்நாளெல்லாம் அந்த வீட்டுக்கு நான் ரோட்டுப் பக்கமாகவே வந்திருக்கிறேன். சரணாலயத்துக்கு நாங்கள் ஜீப்பில் சுற்றிப் போகும் பாதை வேறு, ஊர்கள் வேறு, திசையே வேறு. மலையின் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓர் ஓடையில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று என் கால் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. படத்தை எல்லையில் வெட்டியது நான்தான். வெட்டிய கோட்டுக்கு இப்பால் என் அண்ணன் வீடு.

சத்தம் கேட்டு அண்ணன் வந்தான். அட்டை ஏறாமலிருக்க நான் காலில் கட்டியிருந்த துணியையும் கையிலிருந்த கருவியையும் பார்த்தான். "வந்தியா?" என்றான். விருந்தாளியைக் கேட்கும் குரலாக அது இல்லை.

"ஓடைக்கு அங்க நிக்க ரப்பர் யாருக்குள்ளது அண்ணே?"

"இது என்ன கேள்வி? நம்மதாக்கும்."

"நம்ம எல்ல ஓடையில்லா?"

"அங்க வெறும் முள்ளாக்கும் கெடந்தது மக்கா. ஒண்ணுக்கும் ஒதவாத எடம்."

"முள்ளில்ல. நல்ல காடு. எங்கிட்ட வருஷா வருஷம் படம் இருக்கு."

மைனி டீ போடுகிறேன் என்று உள்ளே போனாள். அண்ணன் புரைத் திண்டில் உட்கார்ந்து என்னை நிமிர்ந்து பார்த்தான். "நீ இத்தன நாளும் ஒண்ணும் கேக்கல்லியே" என்றான்.

"எனக்குத் தெரியாது."

"ஒனக்கா?" அவன் சிரித்துவிட்டான். "அறுப்பின் பண்டிகைக்கு நான் முதல் ஷீட்டு கொண்டுவந்து வச்சது ஓர்ம இருக்கா?"

இருந்தது. எங்கள் ஆலயத்தில் அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் விளைச்சலின் முதற்பலனைக் கொண்டுவந்து படைப்பார்கள். வாழைக்குலை, தேங்காய், சேவல், பலாப்பழம். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் வைத்து ஏலம் விடுவார்கள். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பண்டிகையில் ரப்பர் ஷீட்டைத் தூக்கிப் பிடித்து, இன்னார் புது விளையில் வெட்டிய முதல் ஷீட் என்று கூவினார்கள். சபையே கைதட்டியது. அண்ணன் படைத்த பொருள் வேறு யாருக்கும் போகக் கூடாது என்று நான் விடாமல் ஏலம் கேட்டு எடுத்தேன். அந்த ஷீட் நாற்றம் வீட்டில் ஒரு மாதம் போகவில்லை. என் கணவர் இன்றும் அதைச் சொல்லிக் கேலி செய்வார். புது விளை எங்கிருந்து வந்தது என்று மட்டும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

"நீ ஒரு தக்காளிய நம்ப மாட்ட" என்றான் அண்ணன். "புது விளைன்னு கூவுனப்பம் ஒனக்குச் சந்தேகம் வராம இருக்குமா? தெரிஞ்சு, எனக்காவ வாய மூடிட்டு, சபைக்கு முன்னால ஏலமும் கேட்டு எடுக்கியேன்னு நெனச்சேன். அன்னைக்கு ராத்திரி ஒனக்க மைனிகிட்ட சொல்லி அழுதேன், தெரியுமா? எனக்க தங்கச்சிக்கு எம்மேல இவ்வளவு பாசமான்னு."

அவனிடம் எனக்குப் பாசம் இருந்தது உண்மை. உலகத்தில் அவன் ஒருத்தனைத்தான் நான் சந்தேகப்படாமல் வைத்திருந்தேன். நான் நம்பியதை அவன் நான் உடந்தையாக இருந்ததாக எடுத்துக்கொண்டிருக்கிறான். அதை நினைத்து அழவும் செய்திருக்கிறான். எனக்கு அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அவன் பக்கத்தில் உட்கார வேண்டும் போலவும் இருந்தது.

"எனக்கு இந்த வேலைய நீ சொன்னது அதுக்குத்தானா?"

அவன் ஓடைப் பக்கம் பார்த்தான். மைனி டீயை வைத்துவிட்டுப் போனாள். "நீ அங்க இருந்தா எனக்குப் பேடி இல்ல, பயப்பட வேண்டாம்னு நெனச்சேன்" என்றான் பிறகு. "அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல."

"அந்தக் காட்ட காணிக்காரங்க வெட்டினதா எழுதியிருக்கு. தெரியுமா? அவங்களுக்குப் பட்டா கெடைக்காது."

"அவங்கள யாரு என்ன செய்வா? அவங்க காட்டுல உள்ளவங்க. எனக்கு மூணு பிள்ளையாக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "பிள்ளே, புள்ளிய மாத்தலாம்லா? போவ முடியாத எடமுன்னா பக்கத்துல மாத்தலாம்னு உண்டே."

டீயைத் தொடாமல் எழுந்தேன். வந்த வழியே கமுகுத்தடியைத் தாண்டி ஏறினேன். மேட்டில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். போகவில்லை. என்னைக் கண்டதும் எழுந்து முன்னால் நடந்தாள். குடியிருப்புக்கு வந்ததும் குடிக்கத் தண்ணீர் தந்தாள்.

மறுநாள் டிரைவரைக் கேட்டேன். எங்க அண்ணன் உங்களுக்கு என்ன கொடுத்தான் என்று நேரடியாகவே கேட்டேன். அவர் ஜீப்பை ஓரம் கட்டினார்.

"ஒண்ணும் தரல்ல டீச்சரே. எனக்க பிள்ளைகள்மேல ஆணை. ஒங்க அண்ணனுக்க வெளையாக்கும்னு அந்தச் சீமைக்கே தெரியும். ஒங்க முகத்தப் பாத்து அத எப்படி சொல்ல? யாருக்காவது வாய் வருமா? புள்ளிய மாத்திட்டா ஒங்களுக்கும் சங்கடமில்ல, எங்களுக்கும் சங்கடமில்லன்னு நெனச்சேன்." கொஞ்சம் தயங்கினார். "நீங்க தெரிஞ்சுட்டே தெரியாத மாதிரி கேக்கியன்னு கொஞ்சபேரு சொன்னாங்க. டீக்கடையில கேட்டியளாம்லா. ஆழம் பாக்கியன்னு சொன்னாங்க."

அப்போதுதான் எல்லாம் ஒவ்வொன்றாக இடத்தில் வந்து உட்கார்ந்தது. வாங்காத டீக்காசு. துடைத்த டம்ளரைத் துடைத்தது. அந்த அப்படியா. நான் ஒவ்வொருத்தர் முகத்திலும் திருட்டுக் களையைத் தேடித் திரிந்தபோது, அத்தனை பேரும் என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். குறிப்பாக அவள். தன் பட்டாவுக்கு வினையாக வந்த திருடனின் தங்கை என்று தெரிந்தே எனக்கு மரச்சீனி அவித்துப்போட்டிருக்கிறாள். நான் அதிலும் உள்நோக்கம் தேடினேன்.

டிரைவர் சொன்னதை நம்பினேன். முக்கால்வாசி நம்பினேன். புள்ளியை மாற்றலாம் என்ற விதி அண்ணனுக்கு யார் வழியாகத் தெரிந்தது என்பது இன்றும் எனக்குத் தெளியவில்லை. ஏதாவது ஒரு கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் நானே என் வேலைப் பெருமையை அளந்தபோது சொல்லியிருக்கலாம்.

அந்த வாரம் அந்தத் துண்டுக்கு எதிரே இருந்த கட்டத்தில் 'காணிக் குடியிருப்பின் விவசாயம்' என்பதை அழித்துவிட்டு, 'ஓடைக்கு அப்பாலுள்ள தனியார் ரப்பர் தோட்டத்தின் விரிவு' என்று எழுதினேன். தலைவருக்குப் போன் செய்து அது என் சொந்த அண்ணன் தோட்டம் என்றேன். என்னை நம்ப வேண்டாம், வேறு ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். வேறு ஆள் வந்தார், பார்த்தார், நான் எழுதியதையே எழுதினார். ரப்பரையெல்லாம் கழித்த பிறகு, கூடியதாகச் சொன்ன காடும் கூடவில்லை என்றானது. தலைவருக்கு அதில்தான் வருத்தம் அதிகம்.

அளக்க ஆள் போனது. அண்ணனுக்கு நோட்டீஸ் வந்தது. வழக்கு நடக்கிறது. அப்பாவின் விளைக்கும் வீட்டுக்கும் ஒன்றுமில்லை. ஓடைக்கு அங்கே உள்ளதற்குத்தான். குடியிருப்புக்காரர்களுடைய மனு கிடந்த இடத்திலிருந்து நகர்ந்திருக்கிறது. பட்டா வந்துவிடும் என்கிறார்கள். அவள் நம்புகிறாள். நான் கையில் வரட்டும் என்று இருக்கிறேன்.

மைனி என்னிடம் பேசுவதில்லை. ஆலயத்தில் பார்த்தால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் போய்விடுவாள். அண்ணன் தலையை மட்டும் ஆட்டுவான். இந்த வருஷம் மிளகு வராது என்றுதான் இருந்தேன். மார்ச்சில் ஒருநாள் போன் செய்தான். வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொன்னான். வீட்டுக்கு வா என்றேன், நேரமில்லை என்றான்.

பஸ்ஸிலிருந்து இறங்கி, அதே மாதிரித் துணிப்பையை என் கையில் தந்தான். நரை கூடியிருந்தது. "ஓடைக்கு இஞ்ச நிக்க கொடியில உள்ளதாக்கும்" என்றான். "அப்பா வச்ச கொடி. பேடிக்காத." நான் சாப்பிட்டியா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றான். குலசேகரம் பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.

பஸ் பின்னால் எடுத்துத் திரும்பியது. நான் பையின் வாயைப் பிரித்தேன். கை தன்பாட்டுக்கு அடிவரை போய் ஒரு பிடி மிளகை அள்ளி மேலே கொண்டுவந்தது. மேலே உள்ளதும் கீழே உள்ளதும் ஒரே மிளகுதான், நல்ல கறுப்பு, நல்ல காய்ச்சல். நிமிர்ந்தபோது பஸ் ஜன்னலோரத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.